கூலி, சாமி, காட்டி: பிறர் இட்ட பெயர்கள்

நன்னூல் படித்தவர்களுக்குத் 'தகுதி வழக்கு' என்பது நினைவிருக்கும். அதை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறார் பவணந்தி முனிவர். இவற்றுள் குழூஉக்குறி என்பது ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் விளங்கும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். மஞ்சளும் வற்றல் மிளகாயும் வாங்கி விற்றே நாற்பது வருஷத்தைக் கழித்தவனுக்கு இதைப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்தவனுக்குக் குழூஉக்குறி தானே விளங்கும்.

ஆனால் இன்னொரு வகைச் சொல் உண்டு. ஒரு கூட்டம் தனக்குத் தானே வைத்துக்கொள்ளாமல், அதற்கு ஒரு படி மேலே நிற்கிறவர்கள் அதன் தலையில் கட்டிவிடுகிற பெயர். சௌகரியத்துக்காக இதைப் 'பிறர் இட்ட பெயர்' என்று வைத்துக்கொள்கிறேன். மும்பையில் குடியேறிய தமிழர்களாகிய நாம் இப்படிப்பட்ட பெயர்களை நிறைய வாங்கியிருக்கிறோம், கொடுத்தும் இருக்கிறோம். வரவை மட்டும் எழுதிப் பற்றை எழுதாவிட்டால் பேரேடு எப்படிச் சரியாகும்? இரண்டையும் எழுதிப் பார்க்கலாம் என்று உத்தேசம்.

முதலில் 'கூலி'. இதைப்போல் ஒரு நல்ல சொல் தமிழில் அபூர்வம். செய்த வேலைக்கு ஈடாக வருவது கூலி. திருவள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில், முயற்சிக்குக் கிடைக்கும் பயனை இந்தச் சொல்லால்தான் சொல்கிறார். அங்கே இழிவின் வாடைகூட இல்லை. தெய்வத்தோடு ஒப்பிட்டுப் பேசுகிற இடத்தில் வைத்திருக்கிறார். நம் ஊரில் கூலி என்பது காசு. அதை வாங்குகிறவர் கூலிக்காரர், அல்லது கூலியாள். காசின் பெயரையே ஆளுக்கு வைத்தது ஐரோப்பியர் கணக்குப் புத்தகம். 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, இந்தச் சொல்லின் பிறப்பைப் பேசும்போது குஜராத்தின் கோலி இனத்தாரையும் காட்டுகிறது, தமிழின் கூலியையும் காட்டுகிறது. கோலிகள் யார்? நம் மும்பையின் மீன்பிடிக் குப்பங்களில் இன்றும் இருக்கிற ஆதிக்குடிகளும் கோலிகள்தான். ஆக, ஒன்று ஒரு குடியின் பெயர், அல்லது உழைப்பின் ஊதியம். எந்த வழியாக வந்திருந்தாலும் பிறந்த இடத்தில் அது வசவு இல்லை.

வசவானது கப்பல் ஏறிய பிறகு. 1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையில் முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை இறக்கியது. கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அதன்பின் அங்கே போன இந்தியர் யாராக இருந்தாலும், தோட்டத்தில் வேலை செய்தாலும் கடை வைத்தாலும், வெள்ளைக்காரன் வாயில் 'கூலி'தான். 1893இல் போன காந்தியடிகளுக்கே 'கூலி பாரிஸ்டர்' என்று பெயர். கடைக்காரர் 'கூலி வியாபாரி'.

இதைவிட வேடிக்கை 'சாமி'. முத்துசாமி, ராமசாமி, கோவிந்தசாமி என்று தமிழர் பெயர்கள் முடிவதைக் கேட்ட வெள்ளைக்காரர்கள், இந்தியர்கள் எல்லாருக்கும் 'சாமி' என்று பட்டம் கட்டிவிட்டார்கள். காந்தியடிகள் சத்திய சோதனையில் இதை விளக்கியிருக்கிறார். சாமி என்பது தமிழ்ப் பெயர்களின் கடைசியில் வருவது, சம்ஸ்கிருதத்தின் ஸ்வாமி, எஜமானன் என்று பொருள் என்கிறார். சாமர்த்தியமுள்ள இந்தியர் சிலர், 'என்னைச் சாமி என்கிறாயே, நான் உனக்கு எஜமானன் இல்லையே' என்று திருப்பிக் கேட்பார்களாம். சில வெள்ளைக்காரர்கள் கூசுவார்கள், சிலர் அடிக்கவே வருவார்கள் என்கிறார். கோயிலில் கைகூப்பிச் சொல்கிற சொல்! அதை வசவாக்க அந்தச் சொல்லில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. சொல்கிறவன் எங்கே நிற்கிறான், கேட்கிறவன் எங்கே நிற்கிறான் என்பது மாறினாலே போதும்.

அதே இடத்தில் காந்தியடிகள் சொல்லும் இன்னொரு செய்திதான் வியாபாரியாகிய என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. கூலி என்ற பெயரிலிருந்து தப்பிக்க அங்கிருந்த முஸ்லிம் வியாபாரிகள் தங்களை 'அராபியர்' என்று சொல்லிக்கொண்டார்கள். பார்சி குமாஸ்தாக்கள் 'பாரசீகர்' என்றார்கள். தப்பில்லை, தொழில் நடக்க வேண்டுமே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 'நான் கூலி இல்லை, அராபியன்' என்று ஒருவர் சொன்னால், கூலி என்பது கேவலம்தான் என்று அவரும் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றுதானே அர்த்தம்? அராபியன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லாத பாலசுந்தரத்தின் தலையில்தான் முழுப் பாரமும் இறங்கியது. பாலசுந்தரம் தமிழர், ஒப்பந்தத் தொழிலாளி. எஜமானன் அடித்து இரண்டு பல் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியடிகளிடம் வந்து நின்றவர். வெள்ளைக்காரரைப் பார்க்கப் போகும் கூலி தலைப்பாகையைக் கழற்ற வேண்டும் என்பது அங்கே வழக்கம். 'கூலி பாரிஸ்டர்' முதலில் சொன்னது, அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளும்படிதான்.

மொரீஷியஸில் ஒப்பந்தத் தொழிலாளர் இறங்கிய துறைக்கு ஒருகாலத்தில் 'கூலி காட்' என்றே பெயர். பிற்பாடு அதை ஆப்ரவாசி காட், குடியேறியவர் துறை, என்று மாற்றினார்கள். 2006இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம் ரயில்வேயும் 2016 பட்ஜெட்டில் கூலிகளை இனி 'சஹாயக்', அதாவது உதவியாளர், என்று அழைக்க வேண்டும் என்றது. தாதர் ஸ்டேஷனில் யாராவது 'சஹாயக்' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சினிமாவில் மட்டும் அந்தப் பெயருக்கு மவுசு குறையவில்லை. 1983இல் அமிதாப் பச்சனுக்கும், 2025இல் ரஜினிகாந்துக்கும் படத்தின் தலைப்பே அதுதான். திரையில் கைதட்டுகிறோம், பிளாட்பாரத்தில் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசுகிறோம்.

'காட்' என்றதும் மும்பைக்காரர்களுக்குக் 'காட்டி' ஞாபகம் வரும். தமிழில் எழுதினால் வேறு மாதிரி படிக்கத் தோன்றும். முதல் எழுத்தை அழுத்தி, வல்லோசையாகச் சொல்ல வேண்டும். காட் என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை. மலைக்கு மேலே தக்காணத்திலிருந்து இறங்கி வந்தவன் காட்டி. அவ்வளவுதான் பொருள், நாம் மலைநாட்டான் என்பது போல. 1863இல் போர் காட் வழியாக ரயில் பாதை திறந்த பிறகு, வறட்சியிலும் கடனிலும் தவித்த தக்காணத்துக் குடியானவர்கள் மும்பைக்கு இறங்கி வருவது சுலபமாயிற்று. மில்லிலும் துறைமுகத்திலும் மூட்டை தூக்கினார்கள். பங்களாக்களில் பாத்திரம் தேய்த்தார்கள். வீட்டு வேலைக்கு வருகிறவரெல்லாம் மலைக்கு மேலிருந்து வந்தவர் என்றானதும், ஊர்ப்பெயர் வேலைக்காரப் பெயராயிற்று; வேலைக்காரப் பெயர் நாகரிகமற்றவன் என்ற பெயராயிற்று. மராத்தி பேசும் மண்ணில், மராத்தி பேசுகிறவருக்கே இந்தக் கதி என்றால் வந்தேறிகளான நம் கதியைச் சொல்ல வேண்டுமா?

நமக்கு வந்தது 'மதராசி'. அதுவும் பிறப்பில் குற்றமில்லாத சொல். சென்னை ராஜதானிக்காரன் மதராசி. 1969இல் சென்னை ராஜ்யம் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பின்னும் மதராசி போகவில்லை. கேரளத்துக்காரர், ஆந்திரத்துக்காரர், கன்னடக்காரர் எல்லாரையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டினார்கள். 1966இல் சிவசேனை தோன்றியபோது முதல் குறி தென்னிந்தியர்கள்தான். ஆபீஸ்களில் டைப்பிஸ்டாகவும் ஸ்டெனோவாகவும் இருந்தவர்கள்மேல் ஆத்திரம். நம் பேச்சை 'யாண்டு-குண்டு' என்று கேலி செய்தார்கள். 'லுங்கிவாலா' என்பது அன்று வந்த பட்டம்.

இங்கேதான் பற்றுக் கணக்கு ஆரம்பிக்கிறது. மாட்டுங்காவில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் சிலரிடம் 1980களில் நான் பேசியிருக்கிறேன். லுங்கிவாலா என்று ஏசினார்களாமே என்று கேட்டால், முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நாங்க வேஷ்டிதானே கட்டுவோம்? லுங்கி கட்டினவா தாராவிக்காரா. அவாளால எங்களுக்கும் கெட்ட பேர்" என்பார்கள். தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ கேட்டால், "நாங்கல்லாம் தொழில்காரங்க. பிளாட்பாரத்துல படுத்திருக்கானே, அவனாலதான் நம்ம மானம் போகுது" என்று வேறொருவரைக் கைகாட்டுவார்கள். டர்பனில் அராபியர், இங்கே வேஷ்டிக்காரர். பெயரைத் திருப்பி அனுப்ப யாருக்கும் தைரியம் இல்லை. கீழ்ப்படியில் இருப்பவருக்குத் தள்ளிவிட மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. 2008இல் வடநாட்டுத் தொழிலாளர்கள்மேல் கல் விழுந்தபோது நம்மவர் பேச்சிலும் 'பையா' வந்து உட்கார்ந்துகொண்டது. இந்தியில் பையா என்றால் அண்ணன். அண்ணன் என்ற சொல்லையே ஏளனமாகச் சொல்லப் பழகிக்கொண்டோம்.

தமிழ்நாட்டில் இந்தப் பழக்கம் இல்லையா என்றால், இருக்கிறது. அதில் அதிக இருள் உள்ளது 'கேப்மாரி'. ஏமாற்றுக்காரன் என்ற பொருளில் சர்வ சாதாரணமாகச் சொல்கிறோம். 2019இல் ஒரு தமிழ்ப் படத்துக்கே அது தலைப்பு. அது ஒரு சாதியாரின் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? வெள்ளைக்காரர் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு குலத்தில் பிறந்தாலே குற்றவாளி, பதிவேட்டில் கைரேகை வைக்க வேண்டும், ஊர்விட்டு ஊர் போக அனுமதிச் சீட்டு வேண்டும். இதை எதிர்த்த பெருங்காமநல்லூர்க் கள்ளர்கள்மேல் 1920 ஏப்ரல் 3ஆம் தேதி துப்பாக்கிச் சூடே நடந்தது. அந்தப் பதிவேட்டுப் பெயர்களில் ஒன்றுதான் கேப்மாரி. சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31இலும் சட்டம் ஒழிந்தது. பதிவேட்டில் அழித்த பெயர் நம் நாக்கில் அழியவில்லை. வீட்டில் குழந்தை சில்லறையை ஒளித்துவைத்தால் "கேப்மாரி" என்று செல்லமாகத் திட்டுகிறோம். அந்தக் குலத்துப் பிள்ளை ஒன்று பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டால் எப்படி இருக்கும்?

'பஜாரி' என்று ஒரு சொல். வாய் ஓங்கிய பெண்ணைச் சொல்வார்கள். பஜாரில் உட்கார்ந்து மீனோ காய்கறியோ விற்கிறவள் கூவித்தான் ஆக வேண்டும், மெல்லப் பேசினால் யார் வாங்குவார்கள்? அவள் தொழிலுக்குரிய குரலே அவளுக்கு வசவாகிவிட்டது. நானும் பஜாரில் உட்கார்ந்தவன்தான். என்னை யாரும் பஜாரி என்றதில்லை, முதலாளி என்றார்கள். 'கஸ்மாலம்' என்பதை வடசென்னைக் குப்பத்துச் சொல் என்று மூக்கைப் பொத்துகிறவர்கள், கீதையின் இரண்டாம் அத்தியாயத்தைப் புரட்டட்டும். இரண்டாம் சுலோகத்திலேயே கிருஷ்ண பரமாத்மா அர்ஜுனனைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. 'பேமானி' உருது, ஈமான், அதாவது நேர்மை, இல்லாமை. சேரிப் பாஷை என்று நாம் ஒதுக்குவதில் பாதி சம்ஸ்கிருதமும் பாரசீகமும்தான் போலிருக்கிறது.

என் சொந்தச் சரக்கையும் கொஞ்சம் எடுத்து வைக்கிறேன். நான் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணன். 'அமணம்' என்பது எங்கள் சமயத்தின் பழைய பெயர்களில் ஒன்று. ச்ரமணம் என்பதன் திரிபு. ச்ரமம் என்றால் உழைப்பு, தவத்தில் உழைப்பவர் ச்ரமணர். திகம்பர முனிவர்கள் ஆடை துறந்தவர்கள் ஆகையால், அமணம் என்றால் ஆடையின்மை என்று பொருளாகி, இன்று 'அம்மணம்' என்று சின்னக் குழந்தைகளைச் சிரிக்கவைக்கிற சொல்லாக நிற்கிறது. சென்னையில் ஜைனர் என்று சொன்னால் உடனே, "சேட்டா நீங்க? அடகுக் கடையா?" என்பார்கள். மும்பையில் ஜைன் என்றால், "மதராசியில் ஜைன் ஏது?" என்பார்கள். சேட்டு என்பதைத் தமிழில் எந்தத் தொனியில் சொல்கிறோம் என்பதும் தெரிந்ததே. வடக்கே சேட், தெற்கே செட்டி, இரண்டும் சிரேஷ்டி என்ற ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். மேன்மையானவன் என்று அர்த்தம்! வட்டிக் கணக்கு நடுவில் புகுந்தால் சிரேஷ்டியும் சேட்டாகிவிடுகிறான். பணம் இருப்பவனுக்கும் இந்த வகைப் பெயர் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன். ஆனால் இரண்டும் சமம் இல்லை. சேட்டு என்று ஏசினால் சேட்டுக்கு வியாபாரம் குறையாது. காட்டி என்றோ லுங்கிவாலா என்றோ ஏசினால் வேலை போகும், வாடகை வீடு கிடைக்காது.

பெயரைச் சரியான வழியில் மீட்ட ஓர் உதாரணம் எங்கள் மார்க்கெட்டிலேயே இருக்கிறது. மூட்டை தூக்குகிறவரை மும்பையில் ஹமால் என்பார்கள். சுமப்பது என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, நம் மண்டிகளில் அமாலி என்கிறோமே அதே சொல். மராத்தியில் 'மாதாடி', தலைச்சுமைக்காரர். அண்ணாசாகேப் பாட்டீல் இவர்களை ஒன்றுதிரட்டிப் போராடினார். 1969இல் மகாராஷ்டிர அரசு மாதாடி, ஹமால் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. கூலியை வியாபாரி நேரே கையில் கொடுக்கக் கூடாது, வாரியத்தில் கட்ட வேண்டும், அதற்குமேல் லெவியும் கட்ட வேண்டும். அதிலிருந்து அவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி, போனஸ், விடுமுறைச் சம்பளம். லெவி கட்டுவது எங்களுக்குக் கசப்புதான், பொய் சொல்லவில்லை. மசூதி பந்தரில் இருந்த மசாலா வியாபாரம் 1990களில் வாஷிக்குப் போன பிறகும் அந்தக் கசப்புப் போகவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். 'ஏ ஹமால்' என்று கையைத் தட்டிக் கூப்பிட்டவர்களே, வாரியமும் சங்கமும் வந்தபின் 'மாதாடி காம்கார்' என்று வாய் நிறையச் சொன்னார்கள். ரயில்வேயில் பெயரை மட்டும் மாற்றினார்கள், யார் வாயிலும் ஒட்டவில்லை. இங்கே பெயர் அப்படியே இருந்தது, பெயருக்குப் பின்னால் பாஸ்புக் வந்தது.

இப்போது புதிதாக ஒன்று புறப்பட்டிருக்கிறது: 'சப்ரி'. நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சொல்கிறார்கள். என் பேத்தியிடம், "அப்படின்னா யாரும்மா?" என்று கேட்டேன். "முடிக்குக் கலர் அடிச்சுக்கிட்டு, சீப்பான டிரஸ் போட்டு, பைக்ல கத்திக்கிட்டுப் போவாங்களே, ரீல்ஸ் எல்லாம் போடுவாங்களே, அவங்க தாத்தா" என்றாள். "நம்ம கடைக்குச் சாமான் கொண்டுவர்ற பையன் மாதிரியா?" என்றேன். "ஆமா, அப்படித்தான்" என்று சிரித்தவள், கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்த அண்ணா நல்லவங்க" என்றாள். 

சப்பர் என்றால் கூரை. மொகலாயப் படைகளுக்குக் கூரைக் குடிசை கட்டிக் கொடுத்ததாக வரலாறு சொல்லிக்கொள்ளும் சப்பர்பந்த் என்ற இனத்தார் உண்டு. கள்ள நாணயம் செய்கிறவர்கள் என்று சொல்லி அவர்களையும் பம்பாய் மாகாணத்தில் குற்றப் பரம்பரையில் சேர்த்தார்கள். சப்ரியை அந்தப் பெயரோடு இணைத்துப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல் எங்கிருந்து வந்திருந்தாலும், விழுகிற இடத்தில் சந்தேகமில்லை. பணக்கார வீட்டுப் பையன் முடிக்குக் கலர் அடித்தால் ஃபேஷன், ஜோபட்பட்டிப் பையன் அடித்தால் சப்ரி.

ஜோபட்பட்டி என்பதும் வெறும் குடிசை வரிசை என்ற மராத்திச் சொல்தான். ஸ்லம்டாக் மில்லியனர் படம் 2009 ஜனவரியில் இங்கே வெளியானபோது, தலைப்பில் இருக்கும் 'நாய்' எங்களுக்கு வேண்டாம் என்று குடிசைவாசிகள் மும்பையிலும் பாட்னாவிலும் ஆர்ப்பாட்டம் செய்தார்கள். படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது, ஆர்ப்பாட்டத்தைக் கேலி செய்து பேசினவர்கள்தான் அதிகம். தாராவியின் தோல் தொழிலை வளர்த்ததில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களுக்கு எவ்வளவு பங்கு என்பது நமக்குத் தெரியாதா? 2020 ஜூலையில் கொரோனாவைக் கட்டுப்படுத்தியதற்காக உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியின் பெயரை எடுத்துச் சொன்னார். அப்போது கொஞ்ச நாள் நம்மவர்கள் எல்லாரும் தாராவிக்காரர்களாக இருந்தோம்.

மலர்க் குழுவில் நான் இருப்பதால் விலாசப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை வருஷா வருஷம் என்னிடம் வரும். மாட்டுங்கா 400019, சயான் 400022, தாராவி 400017. இந்தத் தடவையும் பார்த்தேன். பல அங்கத்தினர்கள் ஊர்ப்பெயரை 'சயான் மேற்கு' என்று எழுதி, அதன் கீழே பின்கோடு 400017 என்று போட்டிருக்கிறார்கள். தபால்காரர் எண்ணைப் பார்த்துச் சரியாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். நான் எதையும் திருத்தவில்லை, அவரவர் எழுதியபடியே அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்.